அத்தா சொத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். என் பங்கு என்ன?

தேனிக்காரி:
எல்லாருக்கும் சலாமும் வணக்கமும். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தா மௌத்தாகி மூன்று மாதம் ஆகப்போகிறது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, வந்தவர்கள் நெய்ச்சோறு சாப்பிட்டுப் போய், தேக்சாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்த நேரம். பெரிய அண்ணன் உள்ளறைக்கு வரச் சொன்னார். கட்டில்மேல் ஒரு ஃபைல். உள்ளே முத்திரைத்தாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. "குறி இருக்கிற இடத்துலல்லாம் போட்டுரும்மா, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார். தலைப்பைப் பார்த்தேன்: விடுதலைப் பத்திரம், பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற தாள். தங்கச்சி ஏற்கெனவே போட்டிருந்தாள். அம்மாவுக்கு ஸ்டாம்ப் பேட் திறந்து வைத்திருந்தது.

தலைவலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அதிலிருந்து அண்ணன்மார் இரண்டு பேரும் பேச்சைக் குறைத்துவிட்டார்கள். "உனக்கு 60 பவுன் போட்டாச்சு, இன்னும் என்ன பங்கு" என்று சின்னண்ணன் மட்டும் ஒருநாள் போனில் கேட்டார்.

அத்தா விட்டுப்போனது மூன்றரை ஏக்கர் நஞ்சை, ஊரில் ஓட்டு வீடு, பஜாரில் ஒரு கடை. கடையை மட்டும் மௌத்துக்கு இரண்டு மாதம் முன்னால் பெரிய அண்ணன் பேருக்கு எழுதியிருக்கிறார்கள். அப்போது அத்தாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். நாங்கள் ராவுத்தர் முஸ்லிம்கள், ஹனஃபி சட்டப் பிரிவு. அம்மா, இரண்டு அண்ணன், நான், தங்கச்சி. நிலத்தில் பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்கிறார்கள். உண்மையா?

பழைய குமாஸ்தா:
இல்லை தங்கச்சி. நிலத்தில் பங்கு உண்டு. அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். முப்பது வருஷம் வக்கீல் ஆபீஸில் கட்டுக் கட்டிய ஆள் நான். இந்தக் கதையை நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

1937 ஷரீஅத் சட்டம் வந்ததே, முஸ்லிம் வீடுகளில் 'எங்க ஊர் வழக்கம்' என்று சொல்லிப் பெண்ணுக்கு ஒன்றும் தராமல் விட்டதால்தான். பஞ்சாபில் அது கொடுமையாக இருந்தது. முஸ்லிம் பெண்கள் அமைப்புகளே அந்த வழக்கங்களைக் கண்டித்தன, உலமாக்களும் (மார்க்க அறிஞர்கள்) கூட நின்றார்கள். ஆனால் சட்டத்தின் 2ஆவது பிரிவில் விவசாய நிலத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். 1935 இந்திய அரசுச் சட்டப்படி நிலத்தின் வாரிசுரிமை மாகாணத்து அதிகாரம், டெல்லி கை வைக்க முடியாது. உங்கள் அண்ணன் சொல்வது அந்தப் பழைய ஓட்டை. சென்னை மாகாணம் 1949இல் 18ஆம் எண் சட்டம் போட்டு அதை அடைத்துவிட்டது. அன்றிலிருந்து இங்கே நஞ்சையும் ஒன்றுதான், வீடும் ஒன்றுதான்.

கணக்கு இது. மொத்தத்தை 48 பங்காக வையுங்கள். அம்மாவுக்கு எட்டில் ஒன்று, அதாவது 6. மிச்சம் 42இல் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. அண்ணன்மாருக்கு 14, 14. உங்களுக்கு 7, தங்கச்சிக்கு 7. மூன்றரை ஏக்கரில் உங்கள் 7 பங்கு சுமார் 51 சென்ட். பஸ் ரோட்டை ஒட்டிய நிலமா என்று தெரியாது. ஒட்டியிருந்தால் பென்சில் குறிக்கு அர்த்தம் புரிகிறது.

பங்கு போடுவதற்கு முன்னால் மூன்று கழிவு உண்டு: அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்குள் மரண சாசனம். கடன் என்றால் பேங்க் கடன் மட்டும் இல்லை. நிக்காஹில் மாப்பிள்ளை பெண்ணுக்குத் தருவதாக ஒப்புக்கொள்கிற மஹரை அம்மாவுக்கு அத்தா கொடுத்தாரா? கொடுக்காவிட்டால் அதுவும் கடன். ஜமாஅத்தில் நிக்காஹ் தஃப்தர், அதாவது கல்யாணப் பதிவேடு இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

60 பவுனைப் பங்கில் கழிக்க முடியாது. உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், மௌத்துக்குப் பிறகு அதை ஈடு கட்டும் விதி முஸ்லிம் சட்டத்தில் இல்லை. கழித்தே ஆகவேண்டும் என்றால் அண்ணன்மாரின் காலேஜ் ஃபீஸும் வளைகுடா விசாப் பணமும்கூட அந்த நோட்டில் ஏறட்டும்.

கடை விஷயம் தனி. சாவு பயம் உள்ள நோயில் படுத்து, அதே நோயில் இறந்தவர் கடைசி நாட்களில் தானம் எழுதினால் அதற்கு 'மர்ளுல் மவ்த்' என்று பேர். அது மரண சாசனம் மாதிரிதான் கணக்கு. வாரிசுக்கு எழுதியது மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் செல்லாது. ஆனால் டயாலிசிஸில் வருஷக்கணக்காக நடமாடுகிறவர்கள் உண்டு. அதனால் எந்த நிலையில் எழுதினார் என்பதுதான் கோர்ட்டில் கேள்வியாகும். ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அபூ யாசீன்:
குமாஸ்தா அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் சகோதரி கோர்ட்டுக்குப் போகுமுன் ஒரு வார்த்தை. ஆணுக்கு இரண்டு பங்கு சும்மா கொடுக்கப்படவில்லை. குடும்பச் செலவு, பெற்றவர்களைப் பார்ப்பது, மஹர் எல்லாம் அவன் தலையில். பெண்ணின் பங்கு அவளுக்கே, ஒரு ரூபாய் செலவழிக்கக் கடமை இல்லை. அந்தக் கண்ணோடு பார்த்தால் அநீதி தெரியாது. அண்ணன் தங்கை உறவை 51 சென்ட்டுக்கு வெட்ட வேண்டுமா?

மதுரை செல்வி:
அபூ யாசீன் சார், உறவை வெட்டுகிறது யார்? குறி போட்டுக் கொடுத்தவரா, தலைவலி என்று எழுந்தவரா?

நான் இந்து. எங்கள் வீட்டிலும் இதே ஃபைல்தான் வந்தது. தமிழ்நாட்டில் 1989இலேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்துவிட்டது, 2005இல் நாடு முழுக்க. சட்டப்படி எனக்கு ஆணின் பங்கில் பாதி என்றில்லை, சமமாகவே உண்டு. இருந்தும் போட்டேன். 'பொறந்த வீட்டுப் படி ஏற வேணாமா, பொண்ணுக்குத் தாய்மாமன் சீர் யார் செய்வா' என்று அம்மா அழுதாள். சீர் வந்தது, மறுக்கவில்லை. ஒரு பட்டுப்புடவை, வெள்ளிக் கொலுசு, ஐந்து தட்டு பழம். என் பங்கு நிலத்தில் இப்போது அண்ணன் கட்டிய கல்யாண மண்டபம் நிற்கிறது. வாடகை கேட்காமல் என் மகள் கல்யாணத்துக்குக் கொடுத்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காயல் காக்கா:
அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் ஊர்க் கதை தலைகீழ். இதையும் கேளுங்கள்.

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. கீழக்கரையிலும் அப்படித்தான். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகவேண்டும். வாப்பா கொழும்பிலோ ஹாங்காங்கிலோ சம்பாதித்து ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டுவார். முடியாவிட்டால் இருக்கிற வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிப்பார். முடுக்கு வழியாகவே லாத்தா வீடு, சாச்சி வீடு, கண்ணும்மா வீடு என்று பெண்கள் தெருவில் கால் வைக்காமல் போய்வருவார்கள். சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு வெளியேறுவது எங்கள் ஊரில் ஆண்பிள்ளைதான். நானே ஒருதரம் பெட்டியோடு உம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வீடும் தங்கச்சி வீடு என்பதால் மூன்றாம் நாள் மச்சான் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

எனக்கு 52 வயசு, என் பேரில் ஒரு செங்கல் இல்லை. தங்கைகள் மூவருக்கும் வீடு கட்ட என் இருபது வருஷச் சம்பளம் போனது. ஃபராயிள் என்கிற மார்க்கப் பங்குக் கணக்குப்படி பார்த்தால் இதுவும் தப்புத்தானே? அதைப் பற்றி மட்டும் யாரும் பயான் செய்வதில்லை.

அபூ யாசீன்:
தப்பு என்று ஆலிம்கள் சொல்லத்தான் செய்கிறார்கள் காக்கா. நுஃமான் இப்னு பஷீர் ஹதீஸ் இருக்கிறது. தகப்பனார் ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக இருக்கக் கேட்டார். 'எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா' என்று கேட்டார்கள். இல்லை என்றதும், பிள்ளைகளிடம் நீதமாக நடந்துகொள்ளும்படிச் சொன்னார்கள். மகனாக இருந்தாலும் மகளாக இருந்தாலும் அதே விதி.

கிழக்குக் காற்று:
நான் காத்தான்குடிப் பக்கம், இலங்கை. காயல் காக்கா சொல்றது எங்கட ஊர்க் கதை மாதிரியே இருக்கு. இங்கயும் சீதன வீடு பெண் பிள்ளைக்குத்தான். மூத்தவளுக்கு இருக்கிற வளவைக் கொடுத்திட்டு உம்மா வாப்பா பின்னால சின்னக் குடிலுக்குப் போவாங்க, இளையவளுக்கு இன்னொண்டு கட்டுவாங்க. நாநாமார் தங்கச்சிமாருக்கு வீடு கட்டி முடிக்காமக் கலியாணம் முடிக்கேலாது. எங்கட தமிழ் அயலவங்களுக்கும் இதே வழக்கம்தான். மார்க்கத்தால வந்ததில்ல, மட்டக்களப்பு மண்ணால வந்தது.

ஆனா இத வச்சு எங்கட பெண்களுக்கு எல்லாம் கிடைச்சிட்டு எண்டு நினைக்க வேணாம். வீட்டோட முடிஞ்சிருது. வயல், கடை, கடற்கரைப் பக்கக் காணி எல்லாம் ஆண்களுக்கு. 'உனக்கு வீடு தந்தாச்சே' எண்டு சொல்லுவாங்க, உங்கட 60 பவுன் மாதிரி. அந்த வீடும் சில வேளை மருமகன் கேட்டபடியால கட்டினது. மாப்பிள்ளைக்குக் காசாக் குடுக்கிற கைக்கூலி வேற. ஆக, அது அவளுக்குக் கொடுத்ததா, அவளக் கட்டினவனுக்குக் கொடுத்ததா எண்டதே ஒரு கேள்வி.

சட்டம் எங்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம். இறந்தவர் எந்த மத்ஹபோ (சட்டப் பிரிவோ) அந்த மத்ஹபுச் சட்டம், இங்க பெரும்பாலும் ஷாஃபி. காதி நீதிமன்றத்துக்கு விவாகம், விவாகரத்துத்தான். காணிப் பங்குக்கு மாவட்ட நீதிமன்றம் போகணும். நன்கொடை உறுதி எழுதேக்குள்ள 'மீட்க முடியாதது' எண்டு அந்த உறுதியிலேயே இருக்கணும், இல்லாட்டி வாப்பா திருப்பி எடுக்கலாம். என்ட ராத்தாவுக்கு நொத்தாரிசு அந்த ஒரு சொல்ல விட்டுட்டார். கலியாணம் முடிஞ்சு ஆறு வருஷத்துக்குப் பிறகு, வாப்பாவுக்குக் கடன் வந்த நேரத்திலதான் எங்களுக்கு விளங்கிச்சு.

தேனிக்காரி:
இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. அபூ யாசீன் பாய்க்கு ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் என்னையும் தங்கச்சியையும் பார்த்துக்கொள்வார் என்பதற்காகத்தான் இரண்டு பங்கு என்றீர்கள். தங்கச்சி வீட்டுக்காரர் ஆக்சிடெண்டில் படுத்தபோது எட்டு மாதம் நான்தான் மளிகை வாங்கிப் போட்டேன். அம்மாவுக்கு மாத்திரை என் சம்பளத்தில். நான் சமம் கேட்கவில்லை. 48இல் 7 கேட்கிறேன். அந்த 7 பங்கைக் கொடுக்காமல் இருக்க, பதினாலுக்கான நியாயத்தைச் சொல்லாதீர்கள்.

அபூ யாசீன்:
மன்னிக்கவும் சகோதரி. இதற்கு என்னிடம் பதில் இல்லை. குர்ஆனில் நிஸா அத்தியாயத்தின் 7ஆவது வசனம், சொத்து கொஞ்சமாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் பெண்களுக்குப் பங்கு உண்டு, அது விதிக்கப்பட்டது என்கிறது. 11, 12 வசனங்களில் பங்குகளை எண்ணிச் சொல்லிவிட்டு, இவை அல்லாஹ்வின் வரம்புகள் என்று 13ஆவது வசனம் வருகிறது. தராமல் வைத்துக்கொள்வதற்கு எந்த ஆலிமும் ஆதாரம் காட்ட முடியாது. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மூணு பொண்ணு:
நடுவில் நுழைகிறேன். நாங்கள் சென்னை. எனக்கு மூன்றும் பெண். கணவருக்கு ஒரு தம்பி, பேச்சுவார்த்தை இல்லை. கணவருக்கு ஏதாவது ஆனால் என் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, எனக்கு எட்டில் ஒன்று, மிச்சம் 24இல் 5 பங்கு அந்தத் தம்பிக்கு என்று ஒரு ஹஜ்ரத் சொன்னார். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. என் பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய் வாங்கித் தராத ஆள்.

பழைய குமாஸ்தா:
ஹஜ்ரத் சொன்ன கணக்கு சரி. அதன் மூலக்கதை தெரியுமா? உஹது போரில் ஸஃது இப்னு ரபீஃ கொல்லப்பட்டார். இரண்டு பெண் குழந்தைகள். அவருடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். விதவை இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு நபியிடம் போய் முறையிட்டார், 'சொத்து இல்லாமல் இவர்களை யார் கட்டுவார்' என்று. அப்புறம்தான் வசனம் இறங்கியது. பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கு எட்டில் ஒன்று, மிச்சம் உனக்கு என்று அந்தச் சகோதரருக்குச் சொல்லப்பட்டது. அதே 24இல் 5. அன்றைக்கு சித்தப்பனிடமிருந்து 19 பங்கை வாங்கிக் கொடுத்த கணக்கு அது. இன்று உங்களுக்கு அந்த 5 தான் கண்ணில் படுகிறது. இரண்டும் நியாயம்தான், தங்கச்சி.

வழி இருக்கிறது. கணவர் உயிரோடு, நல்ல உடம்போடு இருக்கும்போது பிள்ளைகளுக்கு ஹிபா (தானம்) செய்யலாம். சொல்ல வேண்டும், பிள்ளை ஏற்க வேண்டும், சொத்து கை மாற வேண்டும். கை மாறாமல் காகிதம் மட்டும் இருந்தால் பின்னால் தகராறு. இன்னொரு வழியைக் கேரளாவில் பார்த்திருப்பீர்கள். வக்கீலும் நடிகருமான ஷுக்கூர் தன் மனைவியையே 2023 மார்ச் 8ஆம் தேதி சிறப்புத் திருமணச் சட்டப்படி மறுபடியும் கல்யாணம் செய்தார், காசர்கோடு மாவட்டத்தில். அவருக்கும் மூன்று பெண். அந்தச் சட்டத்தில் பதிந்தால் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும், தம்பிக்குப் பங்கு போகாது. பெரிய சர்ச்சை ஆனது. உங்கள் வீட்டுக்கு எது சரி என்று நீங்களும் கணவரும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியது. எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்காத மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

காயல் காக்கா:
இதே கேரளாவில் வடக்கு மலபார் மாப்பிள்ளைமார் மருமக்கத்தாயம் என்கிற பெண்வழி முறையில் இருந்தார்களே. லட்சத்தீவில் தறவாட்டு (கூட்டுக் குடும்ப) சொத்துக்கு வெள்ளிக்கிழமைச் சொத்து என்று பெயர், அது பெண்வழி. சொந்தமாகச் சம்பாதித்தது திங்கட்கிழமைச் சொத்து, அது ஷரீஅத் வழி. ஒரே மனிதருக்கு இரண்டு கிழமை, இரண்டு சட்டம். என்னைக் கேட்டால் எனக்கு ஒரு கிழமையாவது கிடைத்தால் போதும்.

தேனிக்காரி:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கோர்ட்டுக்குப் போகவில்லை. எங்கள் பள்ளி ஹஜ்ரத்தை வீட்டுக்குக் கூப்பிட்டோம். அவர் தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் 48 போட்டு வட்டமிட்டு, 6, 14, 14, 7, 7 என்று எழுதினார். தஃப்தரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அம்மாவின் மஹர் 525 ரூபாய், பாக்கி. சின்னண்ணன் சிரித்தார். "ரூபாய் கம்மிதான் தம்பி, ஆனா உங்கத்தா கடனாளியா கிடக்காருல்ல" என்று ஹஜ்ரத் சொன்னதும் சிரிப்பு நின்றது. அண்ணனே பர்ஸிலிருந்து எடுத்து அம்மா கையில் வைத்தார். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு அழுதார். நாற்பத்தாறு வருஷக் கடன்.

கடையை ஒன்றும் செய்ய முடியவில்லை. பெரிய அண்ணன் அசையவில்லை, நானும் இப்போதைக்கு விட்டிருக்கிறேன். நிலத்தை அளக்க வரும் வியாழன் சர்வேயர் வருகிறார். தங்கச்சி போட்ட கையெழுத்து இன்னும் பதிவாகவில்லை, அதனால் பழைய தாளைக் கிழித்தாயிற்று. பெரிய அண்ணன் என்னோடு பேசுவதில்லை. வாசலில் பார்த்தால் செல்லை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி. பெரிய அண்ணனின் மனைவி, எங்கள் மச்சி. பாத்ரூமிலிருந்து பேசுகிறார் போல, தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. "ஹஜ்ரத் போட்ட மாதிரி எனக்கும் ஒரு கணக்கு போட்டுத் தர்றியா? எங்கத்தா, அம்மா இல்ல. அண்ணன் ஒருத்தன், நாங்க பொண்ணுங்க மூணு பேரு. சொத்து வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன், அப்பவும் ஏதாவது உண்டா? உங்கண்ணனுக்குத் தெரிய வேணாம்" என்று சொல்லியிருக்கிறார்.

ஐந்தில் ஒன்று என்று போட்டேன். சரியா குமாஸ்தா அண்ணே?

பழைய குமாஸ்தா:
சரி. அண்ணனுக்கு 2, பெண்களுக்கு ஒவ்வொன்று, மொத்தம் 5.

மச்சியிடம் ஒன்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தது அவர் அத்தா இருக்கும்போதா, மௌத்தான பிறகா? தகப்பன் உயிரோடு இருக்கையில் மகளுக்குச் சொத்தில் ஒன்றுமே இல்லை. இல்லாததை விட்டுக்கொடுக்க முடியாது, அந்தக் காகிதம் வெறும் காகிதம். ஆனால் அப்போது அதற்கு ஈடாகப் பணமோ நகையோ வாங்கியிருந்தால் கதை மாறும். 2011இல் கேரள ராவுத்தர் குடும்பம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தவர் பிறகு பங்கு கேட்க முடியாது என்றது. மௌத்துக்குப் பிறகு பதிவு செய்து கொடுத்திருந்தால் அதை உடைப்பது கஷ்டம். பட்டா அண்ணன் பேருக்கு மாறிவிட்டது என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம், பட்டாவை வைத்து உரிமை போய்விடாது.

தேதி வேண்டும். பத்திரத்தின் முதல் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தேனிக்காரி:
கேட்டேன். பத்திரம் பீரோவில் இருக்கிறதாம், சாவி எங்கள் அண்ணனிடம். வியாழக்கிழமை அவர் சர்வேயரோடு வயலுக்குப் போகும்போது பார்க்கிறேன் என்கிறார்.